மழையில் நின்று கோப்பை வாங்கிய கோல்ஃப் சாம்பியன்: யார் இந்த பாப்வா சிவ்கோலம்?

போன மாதம் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வேறெங்கே, திருக்கடையூர்தான். அபிராமி சந்நிதியில் கும்பிட்டு, பிரகாரத்தில் கலச அபிஷேகம் முடிந்து, பந்தியில் சாப்பிட்டு எழுந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வேன் கிளம்ப மதியம் ஆகும் என்றார்கள். "பக்கத்துல தில்லையாடி இருக்கு, போயிட்டு வருவோமா?" என்றான் சித்தப்பா பையன். சில கிலோமீட்டர்தான். வள்ளியம்மை நினைவு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"வள்ளியம்மை போராடினாங்க, செத்துட்டாங்க. அதுக்கப்புறம் அங்க இருந்த நம்ம ஆளுங்களுக்கு என்னதான் ஆச்சு?"

பதில் தேடி மொபைலைத் தோண்டியபோது கண்ணில் பட்டது ஒரு கோல்ஃப் வீரரின் கதை. கோல்ஃபா? ஆமாம், கோல்ஃப்தான்.

முதலில், தில்லையாடிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையில் இருந்து கிளம்பிய கப்பல் அது. உள்ளே இருந்தவர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். பத்தே நாளில் கல்கத்தாவில் இருந்து இன்னொரு கப்பல். 1911 வரை இப்படிப் போனவர்கள் சுமார் 1.5 லட்சம் பேர். தமிழர், தெலுங்கர், இந்தி பேசுபவர் என்று எல்லோரும் அங்கே ஒரே வரிசையில் நின்றார்கள். ஆட்சியாளர்களுக்கு எல்லோருமே 'கூலி'தான்.

தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் வள்ளியம்மை. ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மீது 3 பவுண்ட் தலைவரி. போதாததற்கு 1913-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்றது. அதாவது, நம் ஊர் தாலி அங்கே செல்லாக் காசு. காந்தி தலைமையில் நடந்த போராட்டத்தில் பெண்களும் இறங்கினார்கள். சிறைக்குப் போன வள்ளியம்மை நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். 1915-ல் இந்தியா திரும்பிய காந்தி அதே ஆண்டு தில்லையாடிக்கு வந்தார்.

இது வரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

யார் இந்த பாப்வா?

முழுப்பெயர் சிவ்சங்கர் சிவ்கோலம். வீட்டிலும் ஊரிலும் 'பாப்வா'. தமிழ்ப் பெயர் இல்லைதான். ஆனால் வள்ளியம்மையின் குடும்பத்தைப் போலவே தென்னாப்பிரிக்க இந்தியச் சமூகத்தில் பிறந்தவர். டர்பனில் உம்கேனி ஆற்றை ஒட்டிய ரிவர்சைடு பகுதிதான் சொந்த இடம். ஏழைக் குடும்பம். அம்மாவுக்குப் பார்வை கிடையாது. பள்ளிப் படிப்பும் வாய்க்கவில்லை, எழுதப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்குப் பக்கத்தில் பீச்வுட் கோல்ஃப் மைதானம். அங்கே வெள்ளையர்கள் ஆடுவார்கள். சிறுவன் பாப்வா அதைப் பார்த்து, மரக்கிளையைச் செதுக்கி ஒரு ஸ்டிக் செய்துகொண்டு மணலில் அடித்துப் பழகினான். நம் ஊரில் தென்னை மட்டையைச் செதுக்கி கிரிக்கெட் பேட் ஆக்குவோமே, அதே கதைதான். கொஞ்சம் வளர்ந்ததும் அதே மைதானத்தில் 'கேடி' வேலை.

(கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் போர்டு ஞாபகம் வந்தால், இது அந்தக் கேடி இல்லை. ஆடுபவரின் ஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்கு கோல்ஃபில் கேடி என்று பெயர்.)

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு 30 விநாடியில்

மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தை விழ வைக்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். கிரிக்கெட்டுக்கு நேர் எதிர், ஸ்கோர் குறைந்தவர்தான் ஜெயிப்பார். பெரிய போட்டிகள் பெரும்பாலும் 4 சுற்று, மொத்தம் 72 குழிகள். 'ஓப்பன்' என்றால் தொழில்முறை வீரர், அமெச்சூர் இருவரும் தகுதி இருந்தால் கலந்துகொள்ளலாம். எல்லோருக்கும் திறந்த போட்டி என்பதால்தான் அந்தப் பெயர். இந்த 'திறந்த' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய ஸ்டைலில் என்ன விசேஷம்?

வலது கைக்காரர் கிரிக்கெட் பேட்டை எப்படிப் பிடிப்பார்? இடது கை மேலே, வலது கை கீழே. கோல்ஃபிலும் அப்படித்தான். பாப்வா அப்படியே தலைகீழ். வலது கை மேலே, இடது கை கீழே. யாரும் சொல்லித்தராமல் தானாகப் பழகியதால் வந்த பிடி அது. எந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் முதல் நாளே "கையை மாத்துப்பா" என்றிருப்பார். அவருக்குத்தான் பயிற்சியாளரே கிடையாதே! அந்தப் பிடியிலேயே பந்து நேராகப் போனது. 1950-களில் வெள்ளையர் அல்லாதோருக்கான போட்டிகளில் அவர் பெயர்தான் பெரிய பெயர்.

வெள்ளையர் அல்லாதோருக்குத் தனிப் போட்டியா? ஆமாம். அப்போது தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் ஆட்சி. 1950-ல் வந்த ஒரு சட்டம் யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்தது. 1953-ல் வந்த இன்னொரு சட்டம் கடற்கரை, பெஞ்ச், கழிப்பறை வரைக்கும் இனவாரியாகப் பிரித்து வைக்க வழி செய்தது.

ஐரோப்பாவுக்குப் போனது எப்படி?

இங்கே ஒரு சுவாரசியமான ஆள் வருகிறார். கிரஹாம் வுல்ஃப், டர்பனைச் சேர்ந்த வேதியியலாளர். இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் வரிசையாக நிற்கும் 'ஓலே' க்ரீம் இருக்கிறதே, அதன் மூதாதையான 'ஆயில் ஆஃப் ஓலே'வை உருவாக்கியவர் இவர்தான். பாப்வாவுக்கு வேலை கொடுத்தவரும், ஆட்டத்தைப் பார்த்து 1959-ல் ஐரோப்பா போக உதவியவரும் இவரே.

போன முதல் முறையே டச்சு ஓப்பனில் பாப்வா சாம்பியன். அடுத்த ஆண்டு, 1960-ல் மறுபடியும். 1964-ல் மூன்றாவது முறை. எழுதப் படிக்கத் தெரியாத, பயிற்சியாளர் இல்லாத, தலைகீழாக ஸ்டிக்கைப் பிடிக்கிற முன்னாள் கேடி ஒருவர் ஒரு ஐரோப்பிய நாட்டின் தேசியப் போட்டியை மூன்று முறை ஜெயித்தார். பிரிட்டிஷ் ஓப்பனிலும் ஆடினார். ஹாலந்தில் எந்தக் கதவும் அவருக்கு மூடப்படவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பினால்தான் பிரச்சினை.

1963-ல் டர்பனில் என்ன நடந்தது?

நேட்டால் ஓப்பன், டர்பன் கன்ட்ரி கிளப்பில். வெள்ளையர்களோடு சேர்ந்து ஆட பாப்வாவுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. ஆடத்தான் அனுமதி, கிளப் கட்டிடத்துக்குள் நுழைய இல்லை. மற்ற வீரர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், உடை மாற்றுவார்கள். அவருக்கு வெளியேதான் எல்லாம்.

அப்படி இருந்தும் அவர் ஜெயித்தார்.

இப்போது நடத்தியவர்களுக்குச் சிக்கல். கோப்பையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். ஜெயித்தவரோ உள்ளே வரக் கூடாதவர். வெளியே மழை. கடைசியில் மழையிலேயே வைத்துக் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள். சாம்பியன் மழையில் நிற்க, அவரிடம் தோற்றவர்கள் கூரைக்குக் கீழே.

அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. "எங்க ஊர்ல விளையாட்டும் அரசியலும் வேற வேற" என்று தென்னாப்பிரிக்கா சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வாதத்தை ஒரே படம் காலி செய்தது.

கேரி பிளேயரைத் தோற்கடித்த பிறகு?

1965-ல் மீண்டும் நேட்டால் ஓப்பன். இந்த முறை களத்தில் கேரி பிளேயர். கோல்ஃப் பார்க்காதவர்களுக்கு: அப்போது உலகின் முதல் வரிசை வீரர்களில் ஒருவர். அதே 1965-ல் அமெரிக்க ஓப்பனையும் ஜெயித்து, நான்கு மேஜர் பட்டங்களையும் வென்றவர் என்ற பெயரை எடுத்தவர். அவரும் ஆடிய நேட்டால் ஓப்பனில் பாப்வா இரண்டாவது முறையாக சாம்பியன் ஆனார்.

ஒரு தடவை ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். நாட்டின் நம்பர் ஒன் வீரரையும் தாண்டி ஜெயித்தால்? அரசு அனுமதிக் கதவை மூடியது. 1966 வாக்கில் வெள்ளையர்கள் ஆடும் போட்டிகளில் அவர் கலந்துகொள்ள முடியாத நிலை. பிறகு பாஸ்போர்ட்டும் போனது. உள்ளூரில் ஆட முடியாது, வெளியூர் போகவும் முடியாது. தொழில்முறை விளையாட்டு வீரருக்கு இதற்கு மேல் என்ன தண்டனை வேண்டும்?

கேரி பிளேயர் என்ன செய்தார் என்று கேட்கலாம். 1966-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் இனஒதுக்கலை ஆதரித்தே எழுதினார். பின்னாளில் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டார். 1971-ல் அமெரிக்கக் கறுப்பின வீரர் லீ எல்டரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்து ஆடவும் வைத்தார். பாப்வாவின் நல்ல வயது அதற்குள் கடந்துவிட்டிருந்தது.

கிரிக்கெட்டில் ஒருவர் தப்பித்தார், தெரியுமா?

பேசில் டி'ஒலிவைரா, கேப் டவுன்காரர். கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தி வெள்ளையர் அணியில் சேர்க்க மறுத்தார்கள். இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1966-ல் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார். 1968-ல் அவர் இங்கிலாந்து அணியோடு தென்னாப்பிரிக்கா வரக் கூடாது என்று அந்த அரசு அடம்பிடிக்க, சுற்றுப்பயணமே ரத்து. அதன் பின் சில ஆண்டுகளிலேயே தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டில் இருந்து ஒதுக்கப்பட்டது. 1991-ல் கொல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியாவுக்கு எதிராகத்தான் திரும்பி வந்தது.

டி'ஒலிவைராவுக்கு வெளியே போக வழி இருந்தது, சேர்த்துக்கொள்ள ஒரு நாடும் இருந்தது. பாப்வா விஷயத்தில் போகிற வழியையே அடைத்துவிட்டார்கள். திறமையில் இரண்டு பேரும் குறைந்தவர்கள் இல்லை.

கடைசியில் என்ன ஆனார்?

1978-ல் மாரடைப்பு. வறுமையில்தான் இறந்தார். திருக்கடையூரில் நாம் அறுபதையும் எண்பதையும் கொண்டாடுகிறோம். பாப்வா ஐம்பதைக்கூடத் தொடவில்லை. இனஒதுக்கல் ஆட்சி முடிந்து எல்லோரும் ஓட்டுப்போட்ட முதல் தேர்தலுக்கு இன்னும் 16 வருடம் இருந்தது.

பின்னால் வந்த ஜனநாயக அரசு, அவர் மறைவுக்குப் பிறகு 'இகாமங்கா' என்ற தேசிய விருதைக் கொடுத்தது. டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர். 2005-ல் கிறிஸ்டோபர் நிக்கல்சன் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். எல்லாம் நல்லதுதான். ஆனால் முப்பதுகளின் நடுவில், ஆட்டம் கையில் இருந்த நேரத்தில் பறிபோன வருடங்களை எந்த விருதும் திருப்பிக் கொடுக்காது.

இது நமக்கு எதுக்கு?

நியாயமான கேள்வி. கோல்ஃப் நம் ஊரில் பணக்கார விளையாட்டு. ஆனால் இங்கேயும் கேடி வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூருவின் சி.முனியப்பாவும் அப்படித்தான். பையைத் தூக்கியவர்களுக்கு ஆடவும் இடம் கிடைத்தபோது என்ன நடக்கும் என்பதற்கு இவர்கள் உதாரணம்.

அதனால் பாப்வாவின் கதையை 'ஏழை ஜெயித்த கதை' என்று மட்டும் ஷேர் செய்தால் பாதிதான் சொன்னதாகும். திறமை இருந்தால் கதவு தானாகத் திறக்கும் என்று ஆபீஸ் மோட்டிவேஷன் மீட்டிங்கில் சொல்வார்கள். பாப்வாவிடம் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, கோப்பையும் இருந்தது. கதவு திறக்கவில்லை. ஏனென்றால் அதைப் பூட்டியது ஒரு சட்டம். சட்டத்தை மாற்ற, 1913-ல் வள்ளியம்மை செய்ததைப் போல, வேறு பலர் தெருவில் இறங்கிச் சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

சித்தப்பா பையனுக்கு இதையெல்லாம் வேனில் வரும்போது சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த போட்டோவ அனுப்பு" என்றான்.

அடுத்த தடவை யார் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்காவது திருக்கடையூர் போனால், ஒரு மணி நேரம் ஒதுக்கி தில்லையாடிக்கும் போய்விட்டு வாருங்கள். கூட வரும் பிள்ளைகள் "அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், சொல்வதற்கு இப்போது உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.