தூங்குமஞ்சமும் அதன் நாரும்

ஏணையிற் கிடந்து வளர்ந்த பிள்ளைகள் நம் நாட்டிற் பலர். இரு முனையும் உயரத்தே கட்டப்பெற்று, நடுவே தொய்ந்து தொங்கும் அத்தகைய அமைப்பைப் பெரியோர்க்கும் உரிய படுக்கையாக்கியவர் அமெரிக்காவின் வெப்பநாட்டுப் பழங்குடி மக்களாவர். 1492ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் பகாமாத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ள வீடுகளிற் பருத்தி வலை போன்ற படுக்கைகள் இருந்தன என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். தையீனோ மக்கள் அதனை ‘அமாக்கா’ என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஹமக்’ என்பது அச்சொல்லின் திரிபே. தமிழில் தூங்குமஞ்சம் என்பர். தூங்குதல் என்பதற்குத் தொங்குதல், உறங்குதல் என இரு பொருளும் உண்டாதலின், இப்பெயர் மிகப் பொருந்துவதாகும்.

இதனை வாங்குவோர் பெரும்பாலும் நிறத்தையே முதலிற் பார்க்கின்றனர். பார்க்கவேண்டியது நாரை. ஒருவருடைய முழுப் பாரமும் அந்த நாரையே நம்பியிருக்கின்றது.

உடல் படும் பகுதிக்குப் பருத்தியே சிறந்தது. அது மென்மையானது; வியர்வையை உறிஞ்சும்; நனைந்தபொழுது அதன் வலிமை குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். மெக்சிக்கோவின் யூக்கட்டான் பகுதியில் மெல்லிய பருத்தி நூலால், இடையில் முடிச்சே இல்லாத வலையாக இதனைப் பின்னுகின்றனர். முடிச்சு இல்லாமையால் முதுகில் உறுத்தல் இல்லை. நூல் நெருக்கமாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருக்குமளவிற்குப் பாரம் பரவி நிற்கும். பிறேசிலின் வடகிழக்கிலோ வலைக்குப் பதிலாகத் தடித்த பருத்தித் துணியையே நெய்கின்றனர். காற்று வீசும் இரவுக்கு அது நன்று. புழுக்கத்திற்கு வலையே ஏற்றது. பருத்தியின் பெருங்குறை ஈரம். நனைந்தபடியே சுருட்டி வைத்தாற் பூஞ்சணம் பிடித்து நூல் இற்றுவிடும்.

யூக்கட்டானில் முற்காலத்திற் கற்றாழை இனமாகிய எனிக்கேன் நாராலும் தூங்குமஞ்சம் செய்தனர். வலிமையிற் குறைவில்லை, ஆனால் வெறும் மேனியிற் பட்டால் உராய்ந்து வருத்தும். அதன் உறவினமாகிய சிசல், அப்பகுதித் துறைமுகம் ஒன்றின் பெயரைப் பெற்றது. இவ்விரண்டும் கயிற்றுக்கே பெரிதும் உரியவை. வெனிசுவேலாவில் ஒரினோக்கோ ஆற்றின் கழிமுகத்தில் வாழும் வராவோ மக்கள், மொரிச்சே என்னும் பனையினத்தின் இளங்குருத்திலிருந்து நாரெடுத்து முறுக்கிப் பின்னுகின்றனர். குருத்து நார் முதிர்ந்த ஓலையின் நாரைப்போல முரடன்று.

நமக்குப் பழக்கமான தென்னந் தும்பு உப்பு நீரை நன்கு தாங்கும். எனினும் அது மேனிக்கு முரடு. பாரம் ஏறினால் மிகவும் நீளும் இயல்பினது. கடலோரத்திற் கட்டுங் கயிறாக அதனைக் கொள்ளலாம். கொள்பவர் சற்றுத் தடித்த கயிறாகவே தெரிந்தெடுக்கவேண்டும்.

‘இயற்கை நார்’ என்று விற்பவற்றிலும் நைலோன் கலந்திருப்பதுண்டு. ஓரத்து நூற் பிசிறொன்றைத் தீயிற் காட்டினால் உண்மை வெளிப்படும். பருத்தி கடதாசிபோல எரிந்து சாம்பலாகும். நைலோன் உருகி மணியாய்த் திரளும்.

நல்ல நாரையும் தவறாகக் கட்டினாற் கெடுத்துவிடலாம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருக்குமானால், 60 கிலோகிராம் எடையுள்ளவர் படுக்கும்பொழுது ஒவ்வொரு கயிற்றிலும் ஏறத்தாழ 60 கிலோகிராம் இழுவையே உண்டாகும். அதனையே விறைப்பாக இழுத்து 10 பாகையாக்கினால், இழுவை 170 கிலோகிராமைக் கடந்துவிடும். விறைப்பாகக் கட்டுதலே பாதுகாப்பு என்று எண்ணுவோர் இக்கணக்கை மனத்திற் கொள்ளுதல் நன்று. தொய்வாகக் கட்டி, குறுக்குச் சாய்வாகப் படுத்தால் முதுகும் வளையாது. இரு தலைப்பிலும் மரச்சட்டம் செருகியவை பார்வைக்கு அழகியவை. படுப்பவரைக் கவிழ்ப்பதிலும் அவை வல்லவை.

நார் முதலில் தேய்வது உடல் படும் நடுவிலன்று, நூல்கள் எல்லாம் ஒன்றுசேரும் தலைப்பு வளையத்திலேயாகும். ஆகவே வாங்கும்பொழுதும், பின்னர் மாதமொருமுறையும், அவ்வளையத்தை விரலால் விரித்து உள்நூலைப் பார்க்கவேண்டும். அங்கு இழைகள் அறுந்து பஞ்சாய் எழுந்திருந்தால், வளையத்தைப் புதுப்பிக்கும்வரை அதில் எவரையும் படுக்கவிடலாகாது.