மேஸ்திரி வந்தார், வேட்டி கேட்டார்!

சுத்தியல் கேட்பார் என்று நினைத்தேன். உளி கேட்பார் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் அட்வான்ஸாவது கேட்பார் என்று பர்ஸைக் கையிலேயே வைத்திருந்தேன். பாத்ரூமை ஒரு சுற்று நோட்டம் விட்ட மேஸ்திரி, "சார், பழைய வேட்டி ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

இருந்தது. வாங்கி நாலாகக் கிழித்தார். ஒரு துண்டைச் சுருட்டித் தரையிலிருந்த தண்ணீர் போகும் துவாரத்துக்குள், அதாவது நானி டிராப்புக்குள், திணித்தார். கமோடைக் கழற்றியதும் இன்னொரு துண்டு அந்தக் குழாயின் வாய்க்குள் போனது. "உடைக்கிற துண்டு ஒண்ணு உள்ள இறங்குச்சுன்னா மொத்த லைனும் அடைச்சிக்கும் சார். அப்புறம் என்னைத் தேடுவீங்க. நான் ஊர்ல இருக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரம் முன்னால் இதே தரையில் நான் வேலை செய்தபோது அந்தத் துவாரத்தின் மேல் ஒரு காகிதம்கூட வைக்கவில்லை.

ஆமாம் வாசகர்களே, குற்றவாளி நான்தான்!

சம்பவ இடம்: மேற்கு மாம்பலம், முப்பது வயதைத் தாண்டிய அடுக்ககம், இரண்டாவது மாடி. பாத்ரூம் டைல்ஸ் மஞ்சள் பாரித்துவிட்டது. ஒருவரிடம் விலை கேட்டேன், தலை சுற்றியது. அன்றிரவே வீடியோ பார்க்க உட்கார்ந்தேன். 12 நிமிட வீடியோவில் ஒரு ஆள் விசில் அடித்துக்கொண்டே பாத்ரூமையே மாற்றிவிடுகிறார். சட்டையில் ஒரு பொட்டு சிமென்ட் இல்லை! அவருக்கு முடிந்தது எனக்கு முடியாதா? ஆன்லைனில் டிரில் மெஷின் வந்திறங்கியது. டைல்ஸ் வந்தது. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றை வாட்ச்மேன் அண்ணன் மேலே தூக்கி வந்து, "வீட்ல யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் கூத்து, டைல்ஸை ஊறவைத்தது. சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸ் தண்ணீரை இழுக்கும். சிமென்டில் பதிப்பதாக இருந்தால் அதை ஊறவைப்பார்கள். நான் வாங்கியதோ விட்ரிஃபைடு. அது உறிஞ்சும் தண்ணீர் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. இட்லிக்கு அரிசி போடுவதுபோல ராத்திரி முழுக்க பக்கெட்டில் போட்டு வைத்திருந்தேன். காலையில் அது அப்படியே இருந்தது, குளித்த களை மட்டும்!

இரண்டாவது கூத்து, மூட்டை முழுவதையும் ஒரேயடியாகக் குழைத்தது. தண்ணீர் பட்ட அரைமணியிலிருந்தே சிமென்ட் இறுகத் தொடங்கிவிடலாம். நான் நாலு டைல் ஒட்டி, செல்ஃபி எடுத்து, காபி குடித்துத் திரும்புவதற்குள் பக்கெட்டில் கலவை கல்லாகிக்கொண்டிருந்தது. அந்த பக்கெட் இன்று பால்கனிக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. நன்றாகவே கொடுக்கிறது.

பழைய டைல்ஸின் மேலேயே புதுசை ஒட்டியதில் தரை முக்கால் அங்குலம் உயர்ந்துபோனது. கதவு பாதியில் நின்றது. ஒல்லியானவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்ற நிலை. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அது துவாரத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகப் படுக்கையறைக்குப் புறப்பட்டது. சரி, கண்ணாடியையாவது மாட்டுவோம் என்று சுவரில் டிரில்லை வைத்து அழுத்தினால்... ஃபவுன்டன்! கன்சீல்டு பைப்!

பத்தாவது நிமிடம் கீழ்வீட்டு மாமி வாசலில். கையில் ஈரத் தலையணை. "ஒண்ணும் சொல்ல வரலை, இதைப் பாத்துட்டு வெச்சுக்கோங்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் மேஸ்திரியைத் தேட ஆரம்பித்தேன்.

இப்போது வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம். மூன்று பேர் குழு. மேஸ்திரி, ஒரு இளம் கொத்தனார், சித்தாள் அக்கா. செல்போனில் இளையராஜா. தண்ணீர் மெயின் வால்வை மூடி, பாத்ரூம் லைன் மின்சாரத்தையும் அணைத்த பிறகுதான் சுத்தியலே வெளியே வந்தது. நடுவில் என் பழைய ஆசை ஒன்றையும் அவிழ்த்துவிட்டேன்: "அப்படியே இந்தப் பக்கத்துச் சுவரையும் எடுத்துட்டா இடம் பெரிசாயிடுமே?" மேஸ்திரி கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டினார். கதவோரம் கனத்தை அளந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். "நாலரை இன்ச்சுன்னா பெரும்பாலும் தடுப்புச் சுவராத்தான் இருக்கும். இது ஒன்பது. மேல ஸ்லாப் இது மேல உக்காந்திருக்கலாம். இதுக்கு என் கண்ணு பத்தாது, இன்ஜினீயரைக் கூட்டியாங்க." முப்பது வருடம் கரண்டி பிடித்தவர், தனக்குத் தெரியாததைத் தயங்காமல் சொன்னார். எனக்கு அந்த ஆளின் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். வீடியோக்காரர் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

தரையைக் கொத்திக் கிளறியபோது நடந்தது தொல்லியல்! அடுக்ககங்களில் கழிவுக் குழாய்கள் ஓடுவதற்காக பாத்ரூமின் ஸ்லாபைக் கொஞ்சம் தாழ்த்தி வார்த்து, உள்ளே செங்கல் உடைசல் போட்டு நிரப்பியிருப்பார்கள். எங்கள் பள்ளத்திலிருந்து வந்தவை: ஒரு பீடிக்கட்டு உறை, மூடியில்லாத சோப்பு டப்பா, ஒரு எவர்சில்வர் ஸ்பூன். குட்டிக் கீழடி! கூடவே பல வருட ஈரம். மண் சொதசொதவென்று இருந்தது. நான் பைப்பைத் துளைத்தது இரண்டு வாரம் முன்னால்தான். மாமி வீட்டு மேல்கூரையில் ஓதம் பூத்துப் பல வருடமாகிறது. ஆக, பாதிப் பழி எனக்கு முந்தைய காலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே இறங்கிப் போய் மாமியிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. ஒரு கை நீளவாக்கில், அது காய்ந்ததும் இன்னொரு கை குறுக்குவாக்கில். தரையும் சுவரும் சேரும் மூலைகளைச் சாந்தால் முன்பே வளைத்து மெழுகியிருந்தார்கள். கூரான மூலையில்தான் பூச்சு முதலில் விரிசல் விடுமாம். சுவரிலும் ஓரடிக்கு மேலே ஏற்றினார்கள். பிறகு துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, அது நிற்கும் உயரத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு. "48 மணி நேரம் யாரும் உள்ள வரக்கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இந்த இரண்டு நாளைச் சேமிக்கத்தான் பலரும் இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்கிறார்கள். கீழே மாமி டார்ச் லைட்டோடு காவல் காத்தார். அவர் கூரை காய்ந்தே இருந்தது. மேலே கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி, அது காற்றில் ஆவியானது. பாஸ்!

இனிதான் நான் முழுநேரமும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த கட்டம். வாட்டம் பிடிப்பது. லேசர், ஆப் எதுவும் கிடையாது. தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனை கொத்தனார் கையில், மறுமுனை மேஸ்திரி கையில். தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே அளந்து, துவாரத்தை நோக்கி நாலடிக்கு அரை அங்குலம் இறக்கம். குறைந்தால் தண்ணீர் தேங்கும், அதிகமானால் சோப்புக் காலோடு வழுக்கும். இவர்கள் அளவில் அங்குலமே பெரிசு. "ரெண்டு நூல் தூக்கு" என்கிறார் மேஸ்திரி. ஒரு அங்குலத்துக்கு 8 நூல். அந்த நூலைத்தான் என் கண்ணால் பார்க்கவே முடியவில்லை, அவர் குனியாமலே சொல்கிறார்! கடைசியில் என் பையனின் கோலிக்குண்டை வாங்கிக் கதவோரம் விட்டார். அது யோசித்து யோசித்து உருண்டு துவாரத்தின் விளிம்பில் போய் நின்றது. நான் கைதட்டிவிட்டேன்.

டைல்ஸ் ஒட்டும் நாளில் கதாநாயகி சித்தாள் அக்கா. ஒரு சட்டிக்கு மேல் கலக்க மாட்டார். பதினோரு மணி டீ வரும்போது அந்தச் சட்டி காலியாக இருக்கும். கலவை சரியா என்று மேஸ்திரி கேட்பதுகூட இல்லை. நான் டைலுக்கு அடியில் நாலு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து பொட்டு வைத்திருந்தேன், நடுவெல்லாம் பொந்து. இவர்கள் பல் வைத்த கரண்டியால் பசையை முழுக்க இழுத்துச் சீவிவிட்டுப் பதிக்கிறார்கள். மறுநாள் மேஸ்திரி ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போனார், கடையில் தேங்காய் தட்டுகிற மாதிரி. ஒன்று மட்டும் "டொக்" என்றது. எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். பெயர்த்து மறுபடி ஒட்டினார்.

அக்காவிடம், "நீங்களே ஒட்டலாமே?" என்றேன். "நம்ம கையில யாரு தம்பி கரண்டி குடுப்பா?" என்றார். இருபது வருட அனுபவம், இன்னும் சித்தாள் கூலி. இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே காட்சி இது.

மின்சாரத்துக்கு வந்தவர் உரிமம் பெற்ற வயர்மேன். கீசரை என் மச்சான் 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கவரைக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் கருகி இருந்தது. வயர்மேன் என்னைத் திட்டவில்லை, கழற்றியதை என் உள்ளங்கையில் வைத்தார், அவ்வளவுதான். தனி லைன், எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எல்லாம் வந்துவிட்டது.

மேஸ்திரிகளைத் தெய்வமாக்கவும் நான் தயாராக இல்லை. ஐந்து நாள் என்றார், பதினோரு நாள் ஆனது. "நாளைக்குக் காலைல வந்துடறேன் சார்" என்றவர் இரண்டு முறை அதற்கு மறுநாள்தான் வந்தார். நரைத்த தலையைப் பார்த்து ஆள் வைக்காதீர்கள். அவர் செய்த பழைய வேலையை, அதுவும் ஒரு மழைக்காலமாவது தாண்டியதை, நேரில் போய்ப் பாருங்கள். வேலை விவரத்தைத் தாளில் எழுதுங்கள். கடைசித் தவணையைத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

நமக்கும் வேலை இருக்கிறது. பெயின்ட் அடிக்கலாம், ஷவர் தலையை மாற்றலாம், அலமாரிக் கைப்பிடி மாட்டலாம். குழாய்க்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள். பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறது.

பி.கு.: டிரில் மெஷின் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. ஒரே ஒரு ஓட்டை போட்டது. விருப்பமுள்ளவர்கள் முதலில் மாமியிடம் விசாரித்துவிட்டு மேலே வரவும்.