பேஸ் கிட்டாரில் விரல் வேகம்: கூட்டுவது எப்படி, கையைக் காப்பது எப்படி?

வாழப்பாடி வட்டாரத்தில் பாக்கு உரிப்பவர்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? பார்க்கிறவருக்குத்தான் அது வேகம். உரிக்கிறவருக்கு அது சாதாரண வேலை. ‘இன்றைக்கு ஸ்பீடு ஏத்தணும்’ என்று அவர்கள் தனியாக உட்கார்ந்து பழகியதில்லை. தேவையில்லாத அசைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோன பிறகு கையில் தங்கியதுதான் அந்த வேகம்.

பேஸ் கிட்டார் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. ஆனால், புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். சேலம் - ஆத்தூர் சாலையில் இருக்கும் வாழப்பாடி மாதிரி ஊர்களில் பேஸுக்கென்று தனி ஆசிரியர் கிடைப்பது எளிதல்ல. வேலை முடிந்து வந்து, ராத்திரியில் வீடியோ பார்த்துத்தான் பலரும் கற்றுக்கொள்கிறார்கள். வீடியோவில் இருப்பவரின் விரல் பறக்கிறது, நம் விரல் தடுக்குகிறது. ‘எவ்ளோ வாசிச்சும் ஸ்பீடு வர மாட்டேங்குதே’ என்று இன்னும் அழுத்தி வாசிக்கிறோம். கடைசியில் வேகமும் வராமல், மணிக்கட்டு வலியோடு பேஸ் சுவரில் மாட்டப்பட்டுவிடுகிறது.

இதைத் தவிர்க்க முடியும். அதற்கு முதலில் வேகம் என்றால் என்னவென்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் விரலில் ஏற்கெனவே வேகம் இருக்கிறது!

ஒரு பாட்டின் வேகம் 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 4 நோட் வாசித்தால் நொடிக்கு 8 நோட். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் பேஸில் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டும் மாறி மாறித்தான் ஸ்ட்ரிங்கை இழுக்கின்றன. அப்படியென்றால் ஒரு விரலின் பங்கு நொடிக்கு 4 தடவை மட்டுமே.

இப்போது மேஜைமேல் ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். நொடிக்கு 4 தடவை தட்டுவது பெரும்பாலானவர்களுக்குச் சிரமமே இல்லை. அப்புறம் ஏன் பேஸில் வரவில்லை? தசையில் வலு இல்லாததால் அல்ல. இரண்டு விரலும் ஒரே அளவில் மாறுவது, ஒரு ஸ்ட்ரிங்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது, இடது கை அழுத்தும் கணமும் வலது கை இழுக்கும் கணமும் ஒன்றாக வந்து சேர்வது... இந்த மூன்றிலும்தான் தடுமாற்றம். இவை வலுவால் வருபவை அல்ல, ஒத்திசைவால் வருபவை.

இன்னொரு விஷயம். விரலை மடக்கி நீட்டும் முக்கியமான தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. தோளோ, முழங்கையோ, மணிக்கட்டோ விறைத்துப்போனால் விரலும் சேர்ந்து விறைக்கும். நாள் முழுக்க ஆபீஸில் கீபோர்டு, வீட்டுக்கு வந்ததும் மொபைல் என்று இருப்பவர்களுக்கு, பேஸை எடுப்பதற்கு முன்பே அந்தத் தசைகள் களைத்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வலது கை: அடிக்காதே, கடந்து போ

வேகத்தைக் கெடுக்கும் முதல் எதிரி, ஸ்ட்ரிங்கை ஓங்கி இழுப்பது. விரல் எவ்வளவு ஆழமாக உள்ளே போகிறதோ, வெளியே வர அவ்வளவு நேரம் பிடிக்கும். அதனால் ஆம்பில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தொட்டு இழுங்கள். சத்தம் கொடுப்பது ஆம்பின் வேலை. விரலின் வேலை அல்ல.

இழுத்த விரல் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ஸ்ட்ரிங்கைக் கடந்து, அதற்கு மேலே உள்ள தடித்த ஸ்ட்ரிங்கில் போய்ச் சாய வேண்டும். அப்போதுதான் அசைவின் தூரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்கும். கட்டைவிரலைப் பிக்கப்பின் மேலோ, வாசிக்காத தடித்த ஸ்ட்ரிங்கின் மேலோ ஊன்றிக்கொள்ளலாம்.

மெல்லிய ஸ்ட்ரிங்கிலிருந்து தடித்த ஸ்ட்ரிங்குக்கு வரும்போது மட்டும் ஒரு சலுகை உண்டு. சாய்ந்த விரல் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. விரலை மாற்றாமல் அதே விரலால் இழுத்துவிடலாம். ஒரு அசைவு மிச்சம்.

இடது கை: 13 சென்டிமீட்டர் பிரச்சினை

லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றைய பேஸ் கிட்டார்கள் பலவும் அதே அளவுதான். இதனால் முதல் ஃப்ரெட் கம்பியிலிருந்து 4ஆவது கம்பிவரை சுமார் 13 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். 25.5 அங்குல எலெக்ட்ரிக் கிட்டாரில் அது 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவர்கள் ‘ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்’ என்று பிடிவாதமாக விரித்து வைத்தால், சின்னக் கைகளுக்கு வலிதான் மிஞ்சும்.

டபுள் பேஸ் வாசிப்பவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபிரான்ஸ் சிமான்டல் என்ற ஆசிரியரின் பெயரால் அறியப்படும் முறையில், கீழ்ப்பகுதி நோட்டுகளுக்குச் சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றுமே போதும். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கும். விரிப்பதற்குப் பதில் கையையே லேசாக நகர்த்துவார்கள். 5ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே, இடைவெளி குறைந்த பிறகு, நாலு விரலையும் பயன்படுத்தலாம்.

மற்றபடி இரண்டே விதிகள். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டியபடி, அதன் பின்னால் அழுத்துங்கள். குறைந்த அழுத்தத்திலேயே நோட் தெளிவாக வரும். அழுத்தாத விரல்களை ஸ்ட்ரிங்குக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். தூக்கிய விரல் திரும்பி வர வேண்டிய தூரமெல்லாம் வீண்.

மூன்று காலம்: நம்மிடமே இருக்கும் பாடத்திட்டம்

மெட்ரோனோமுக்கு மெல்சல் காப்புரிமை வாங்கியது 1815இல். அதற்கு வெகு முன்பிருந்தே கர்னாடக இசையில் வேகத்தைப் பழக ஒரு வழி இருக்கிறது. சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடுவார்கள். தாளம் மாறாது, அதற்குள் வரும் ஸ்வரங்கள் மட்டும் இரட்டிக்கும். பேஸுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி தேட வேண்டியதில்லை.

மொபைலில் மெட்ரோனோம் ஆப்பை 60 பிபிஎம்மில் வையுங்கள். தட்டுக்கு ஒரு நோட், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மூன்றாம் காலத்தில் நொடிக்கு 4 நோட் ஆகிறது. ஒரு தடுமாற்றமும் இல்லாமல் இரண்டு நிமிடம் வாசிக்க முடிந்தால் 64க்குப் போகலாம். தடுமாறினால் கூச்சப்படாமல் 56க்கு இறங்குங்கள். தப்போடு வேகமாக வாசித்தால், கை அந்தத் தப்பைத்தான் மனப்பாடம் செய்யும்.

அடுத்த படி சொற்கட்டு. ‘தகதிமி’ என்று நாலு நாலாக வாசிக்கும்போது, ஒவ்வொரு அடுக்கும் சுட்டுவிரலில்தான் தொடங்கும். அதனால் நடுவிரலின் பலவீனம் வெளியே தெரியாது. ‘தகிட’ என்று மூன்று மூன்றாக வாசித்துப் பாருங்கள். முதல் அடுக்கு சுட்டுவிரலில் தொடங்கினால், அடுத்தது நடுவிரலில் தொடங்கும். அழுத்தம் ‘த’வில் சரியாக விழவில்லை என்றால் உடனே காதில் தெரிந்துவிடும். ஐந்து எண்ணிக்கையில் ‘தகதகிட’வும் இதே வேலையைச் செய்யும். வாயால் சொல்லிக்கொண்டே வாசிப்பது நல்லது. வாயில் வராத கணக்கு விரலில் வராது.

மும்பையைச் சேர்ந்த மோகினி டேயின் வாசிப்பைக் கேட்டால் இது புரியும். பேஸ் கலைஞரான தந்தை சுஜாய் டேயிடம் சிறுவயதிலேயே கற்று, பதின்ம வயதிலேயே ஏ.ஆர்.ரஹ்மானுடன் மேடையேறியவர் அவர். மின்னல் வேகத்துக்குப் பெயர்போனவர். அந்த வேகத்துக்குள் கொன்னக்கோல் கணக்கு தெளிவாகக் கேட்கும்.

தினமும் 20 நிமிடம் போதுமா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட, தினமும் 20 நிமிடம் மேல். அதை இப்படிப் பிரிக்கலாம்: 

முதல் 4 நிமிடம்: தோள், மணிக்கட்டு தளர்த்திவிட்டு, மெட்ரோனோம் இல்லாமல் மெதுவாக வாசிப்பு.
அடுத்த 6 நிமிடம்: ஒரே ஸ்ட்ரிங்கில் மூன்று காலம்.
அடுத்த 5 நிமிடம்: இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவே தாவியபடி ‘தகிட’.
கடைசி 5 நிமிடம்: பிடித்த பாட்டின் கஷ்டமான ஒரு பகுதி மட்டும், பாதி வேகத்தில்.

வாரம் ஒருமுறை மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். ஆனால் போன் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். பேஸின் தடித்த ‘ஈ’ ஸ்ட்ரிங் அதிர்வது நொடிக்குச் சுமார் 41 முறை. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அவ்வளவு தாழ்ந்த ஒலி சரியாக வராது. ஹெட்போன் போட்டுக் கேட்டால், எந்த விரல் சத்தமாக, எந்த விரல் மெலிதாக விழுகிறது என்பது தெரியும்.

வலித்தால் என்ன செய்வது?

நிறுத்த வேண்டும். ‘வலி இல்லாம எதுவும் வராது’ என்ற அறிவுரை இங்கே செல்லாது. விரல் நுனியில் தோல் எரிவது, கொப்புளம் வருவது ஆரம்பத்தில் சகஜம். சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். ஆனால் முன்கையிலோ மணிக்கட்டிலோ வலி, கட்டைவிரல் முதல் நடுவிரல்வரை மரத்துப்போதல், ராத்திரியில் கூச்சம் என்று வந்தால் அது வேறு. சில நாள் ஓய்வு கொடுத்தும் போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் முதலில் ஆசைப்பட்டது பியானோ கலைஞராக. 1830களின் தொடக்கத்தில் அவருடைய வலது கை விரல் செயலிழக்க, அந்தக் கனவு முடிந்துபோனது. விரலை வலுவாக்க ஒரு கருவியை அவர் பயன்படுத்தியதும் அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. விரலுக்கு வலு ஏற்றுவதாகச் சொல்லி இன்று விற்கும் ஸ்பிரிங் கருவிகளை வாங்கும் முன் ஒருமுறை யோசிக்கலாம். வேகத்துக்குத் தேவை இறுக்கும் வலு அல்ல, இறுக்கியதைச் சட்டென்று தளர்த்தும் பழக்கம்.

உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்?

அமெரிக்காவின் மோட்டவுன் இசைப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையில் சுட்டுவிரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். அந்த விரலுக்கே ‘ஹூக்’ (கொக்கி) என்று பெயர் வந்துவிட்டது. அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ், குதிரைப் பாய்ச்சல் மாதிரியான வேகத்தை இரண்டு விரலிலேயே கொண்டுவருகிறார். நம் ஊரில், இளையராஜாவின் குழுவில் பல ஆண்டுகளாக வாசித்த சசிதரன், ரஹ்மானின் பாடல்களில் வாசித்துவரும் கீத் பீட்டர்ஸ் ஆகியோரின் பேஸைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். எங்கே வாசிக்கிறார்கள் என்பதைப் போலவே, எங்கே நிறுத்துகிறார்கள் என்பதும் பாட்டைத் தூக்கி நிறுத்தும். நோட்டைச் சரியான கணத்தில் அணைப்பதும் விரல் வேலைதான். அதையும் மெதுவாகத்தான் பழக முடியும்.

சேலம் பக்கம் மாரியம்மன் பண்டிகை மேடையில் வாசிக்கப்போகிறவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். கடைசியில் குத்துப்பாட்டு வரும்போது கூட்டம் எழுந்து ஆடும், டிரம்மர் உற்சாகத்தில் வேகத்தை ஏற்றுவார். அப்போது பத்து நொடி மட்டும் பறக்கும் விரலால் பயனில்லை. முதல் பாட்டில் எப்படி விழுந்ததோ அப்படியே கடைசிப் பாட்டிலும் விழும் விரல்தான் மேடையைக் காப்பாற்றும்.

அதனால் இன்றைக்குத் தடுமாறாமல் வாசிக்க முடிந்த பிபிஎம் எவ்வளவோ, அதைத் தேதியோடு மொபைலில் குறித்துவையுங்கள். கூடவே, வாசித்து முடித்ததும் கை எப்படி இருந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து எண் ஏறி, கை இன்னும் லேசாக இருந்தால் போகிற வழி சரி. எண் ஏறி, வலியும் ஏறியிருந்தால் வேகத்தை இறக்கிவிட்டு முதல் காலத்திலிருந்து தொடங்குங்கள்.