தமிழ்க் கிறித்தவப் பக்தியில் முழுமனத்தின் மொழி: ஸ்ரீவில்லிபுத்தூர் மரபும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையும்

முன்னுரை

இறைவனை முழு உள்ளத்தோடு நேசித்தல் கிறித்தவ சமயத்தின் தலையாய கட்டளையாகும். உபாகமத்தில் இஸ்ரவேலருக்கு அளிக்கப்பெற்ற இதனையே இயேசுவும் முதன்மைக் கட்டளையாக எடுத்துரைக்கிறார். வேறொரு சமயத்தில் பிறந்து வளர்ந்து கிறித்தவத்தைத் தழுவிய தமிழ்ப் புலவர்க்கு இக்கட்டளை ஒரு வினாவை எழுப்புகிறது. உள்ளம் முழுவதையும் ஒப்படைக்கும்போது, அவ்வுள்ளம் அன்பு செய்யக் கற்ற பழைய மொழியைக் கைவிட வேண்டுமா, அல்லது அதனையும் சேர்த்தே படைக்க வேண்டுமா? இவ்வினாவிற்கு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகம் தரும் விடையை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்தி மரபோடு ஒப்புநோக்கி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே நிலம், இரு மரபுகள்

ஸ்ரீவில்லிபுத்தூரும் அதனை அடுத்துள்ள இராஜபாளையமும் இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் தந்த இவ்வட்டாரத்தில், 1854 முதல் தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து சிவகாசியை மையமாகக் கொண்டு ஊர்தோறும் சென்று கிறித்தவப் பணியாற்றினார். அவர் மறைந்த 1858ஆம் ஆண்டிலேயே, அதே மாவட்டத்துக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஆண்டாள் மரபில் தன்னளிப்பு

பெரியாழ்வார் கண்ணனைத் தாயாக நின்று பாடினார். ஆண்டாள் காதலியாக நின்று பாடினார். திருப்பாவையின் 30 பாசுரங்களில் தோழியரோடு கூடி நோன்பு நோற்கும் குரல், நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் பெரிதும் தனியொருத்தியின் ஏக்கமாக ஒலிக்கிறது. வேண்டப்படுவது பொருளன்று, இறைவனே. ஆண்டாள் சூடிக் களைந்த மாலையையே இறைவன் விரும்பி ஏற்றான் என்னும் மரபுவழிக் கதையும், படைக்கும் பொருளினும் படைப்பவரின் அன்பே மேலானது என்பதை உணர்த்துகிறது.

இரட்சணிய யாத்திரிகத்தில் தனிமனித வழிபாடு

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த புலமை அதன் காப்பிய நடையை அமைத்தது. பனியனின் உரைநடையிலும் இடையிடையே சிறு செய்யுள்கள் உண்டு. ஆயினும் கிருஷ்ணபிள்ளை சேர்த்துள்ள தேவாரப் பாடல்களின் பணி வேறு. அவ்விடங்களில் கதை நிற்கிறது. உள்ளம் ஆண்டவரை நேர்முன்னிலையில் விளித்துப் பேசுகிறது. கதையைக் கேட்ட வாசகர் அப்பாடலைத் தம் சொந்த மன்றாட்டாகப் பாட இயலுகிறது. தனிமனித வழிபாட்டிற்கு இடமளிக்கும் இவ்வமைப்பைத் தமிழ்ப் பக்தி இலக்கியமே அவருக்கு வழங்கியது.

எனினும் மொழி ஒன்றாயினும் அன்பின் ஊற்று ஒன்றன்று. ஆண்டாளின் அன்பு இறைவனின் அழகிலும் திருவிளையாடலிலும் ஊறிப் பிரிவில் முதிர்கிறது. கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகனோ பாவச்சுமையோடு புறப்படுபவன். அவனது அன்பு சிலுவைப்பாடு கண்டு எழும் நன்றியுணர்வு. ஆகவே இதனை வைணவப் பக்தியின் வெறும் பெயர்மாற்றமாகக் கொள்வதும், தமிழ்மரபோடு தொடர்பற்ற அயல் பக்தியாகத் தள்ளுவதும் பொருந்தா.

இறையியல் விளக்கம்

புலவர் பாட்டில் செய்ததை ஏ. ஜே. அப்பாசாமி (1891-1975) இறையியலாக விளக்கினார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காணும் ஆங்கில நூலை 1927இல் வெளியிட்ட அவர், யோவான் நற்செய்தியை இராமானுசர் வழிவந்த பக்தி மரபோடு ஒப்பிட்டார். இறைவனோடு ஒன்றுதல் என்பது இருவர் என்னும் நிலை அழிந்துபோவதன்று. அன்பிலும் சித்தத்திலும் இணைந்திருத்தல் என்பது அவர் முடிபு. வழிபடுவோர் என்றும் தாமாகவே நிற்பதால்தான் தன்னளிப்புக்குப் பொருள் உண்டாகிறது.

முடிவுரை

முழுமனத்தோடு வழிபடுதல் கடந்தகால நினைவையும் மொழியையும் துடைத்தெறிவதாகாது. அவற்றை ஒதுக்கிவைத்த உள்ளம் முழுமையற்ற உள்ளமே. கிருஷ்ணபிள்ளை தாம் கற்ற பக்தித் தமிழைப் புறத்தே நிறுத்தாமல் அதனையே காணிக்கையாக்கினார். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தைத் தழுவல், மொழிபெயர்ப்பு என்னும் அளவில் மட்டும் மதிப்பிடும் ஆய்வுகள், பாடுவோரின் இத்தன்னளிப்பையும் கணக்கில் கொள்ளுதல் இன்றியமையாதது.