நெஞ்சறையிற் சேரும் சீழ்

சீழ் கண்ட இடத்தைக் கீறித் திறக்க வேண்டும் என்பது வைத்திய உலகின் மிகப் பழைய விதி. கிரேக்க வைத்தியர் இப்போக்கிரட்டீசின் காலத்திலேயே நெஞ்சறைச் சீழுக்கும் அது கைக்கொள்ளப்பட்டது. அவ்விதியே உயிரைப் போக்கிய காலமும் ஒன்றுண்டு, நேயர்களே. அதன் காரணத்தை விளங்க உதவியவை நாய்கள்.

1917ஆம் ஆண்டின் இறுதியில், முதலாம் உலகப் போருக்கெனத் திரட்டப்பட்ட இளைஞர்கள் ஐக்கிய அமெரிக்கப் பாசறைகளில் நெருக்கமாகத் தங்கியிருந்தனர். அங்கே சின்னமுத்து பரவிற்று. அதன் பின்னே ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் கிருமியால் விளைந்த நியூமோனியா வந்தது. சுவாசப்பைக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே சீழ் பெருகிற்று. வைத்தியர்கள் வழக்கம்போல் விலாவெலும்பில் ஒரு துண்டை அகற்றி நெஞ்சைத் திறந்தனர். நூற்றுக்கு 30 பேர் அளவில் மாண்டனர். சில பாசறைகளில் அதனினும் பலர்.

இதனை ஆராய 1918இல் இராணுவம் ஒரு குழுவை நியமித்தது. அக்குழுவைச் சேர்ந்த எவாட்சு கிரகாம், றிச்சாட் பெல் ஆகிய இருவரும் நாய்களின் நெஞ்சைத் திறந்து அமுக்கத்தை அளந்தனர். ஒரு பக்கத்தைத் திறந்தால் அப்பக்கத்துச் சுவாசப்பை மாத்திரமே சுருங்கும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. நாய்களிற் கண்டதோ வேறு. இரு பக்கங்களையும் பிரிக்கும் நடுத்தடுப்பு கற்சுவரன்று, திரைச்சீலைபோல் அசைவது. ஒரு பக்கத்திற் காற்றுப் புகுந்தால் இரு சுவாசப்பைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் அமுங்குகின்றன. மனிதரிலும் அவ்வாறே என்பதைப் பிரேதங்களிற் சோதித்து உறுதிசெய்தனர்.

நியூமோனியாவால் ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஒருவனுக்கு, எஞ்சிய மூச்சையும் கத்தி பறித்தது. நாட்பட்ட சீழ் தடிக்கும்; சுவாசப்பை சுவரோடு ஒட்டும்; தடுப்பும் விறைக்கும். அந்நிலையில் திறத்தல் அத்துணை ஆபத்தன்று. ஆகவே, முதலில் ஊசியாற் சீழை உறிஞ்சி, நோயாளிக்கு நல்லுணவு கொடுத்துக் காத்திருக்குமாறு குழு கூறிற்று. சாவுகள் பெரிதும் குறைந்தன.

அந்நாய்களுக்காக இரங்குவோர் உளர், அவ்விரக்கம் நியாயமானதே. ஆயினும் அதே சோதனை, அளப்பாரின்றி, பாசறை இளைஞர்மீது மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் உள்ளன. எனினும் சீழை வடிக்கக் குழாய் இடும்போது, அதன் வெளிமுனையைப் பெரும்பாலும் போத்தலிலுள்ள நீருள் அமிழ்த்தி வைப்பர். சீழ் வெளியேறும், காற்று உள்ளே புகாது.