இடர்க்காலமும் இல்லமும்: காத்தான்குடி காட்டும் பாடம்

கிழக்கே வங்கக்கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருக்க, இடையே ஒடுங்கிய மணற்றரையில் அமைந்தது காத்தான்குடி. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள இது, ஈழத்தில் மக்கட்செறிவு மிக்க ஊர்களுள் ஒன்று. ஒதுங்கி ஏற மேட்டுநிலம் இங்கு இல்லை. ஆதலின், இடர்வருமுன் குடும்பம் தன்னை ஆயத்தம் செய்துகொள்வது எங்ஙனம் என்னும் வினா இவ்வூரவர்க்கு இன்றியமையாதது.

இக்கரை கண்ட பேரிடர்களுள் இரண்டு மறக்கவொண்ணாதவை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, கூரைகளைப் பறித்துத் தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இக்கரையை அடைந்தது. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விடைப்பொழுது உயிர்காக்கப் போதியதே. ஆயின், அதனை முன்னறிவிக்கும் அமைப்பு அன்று இந்துமாகடலில் இருந்திலது.

இவ்விரண்டும் வேண்டும் ஒழுகலாறு ஒன்றற்கொன்று மாறானது. சூறாவளியின்போது வலிய கட்டடத்துள் இருத்தல் வேண்டும். காற்றுத் திடீரென அடங்கினும் வெளிவரலாகாது. சுழலின் நடுக்கண் கடந்தபின் அது எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். ஆழிப்பேரலைக்கோ உடனே வீடு நீங்கல் வேண்டும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் அதுவே எச்சரிக்கை. மேட்டுநிலமில்லா ஊரில் உறுதியான மாடிக்கட்டடமே புகலிடம். அஃது எது என்பதனை முன்னரே தேர்ந்து, பிள்ளைகளை நடத்திக் காட்டல் நன்று. முதலலை வடிந்ததென்று பொருளெடுக்கத் திரும்புதல் கேடாம். பின்வரும் அலை அதனினும் பெரிதாதலுண்டு.

இனி, இல்லத்தின் இயல்பை நோக்குவாம். இவ்வட்டாரத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். தாயும் சகோதரிகளும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வர். ஆடவர் பலர் வாணிகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் வெளியூரிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் இருப்பர். ஆகவே, திட்டம் ஆடவரிடம் மட்டும் இருப்பின் அது வேண்டும்பொழுது உதவாது. வீட்டுப் பெண்டிர் அதனை வகுத்தும் அறிந்தும் இருத்தல் வேண்டும். மூதாட்டியைத் தாங்கிச் செல்பவர் யார், கைக்குழந்தையை எடுப்பவர் யார் என்பன முன்னரே பகுக்கப்படல் வேண்டும்.

அயல்வளவு உறவு பெருந்துணையே. எனினும், ஒரே அலை அனைவரையும் ஒருங்கே தாக்கும். அதனால் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலோ வேறு மாவட்டத்திலோ உள்ள உறவினர் ஒருவரைச் செய்தித் தொடர்பாளராகக் கொள்ளுதல் வேண்டும். பிரிந்தோர் யாவரும் அவருக்கே அறிவிப்பர். அவரது தொலைபேசி எண்ணையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணையும் பிள்ளைகளும் மனனம் செய்தல் நன்று.

நீரைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். மணலடியில் உப்புநீர்மேல் தங்கும் நன்னீர்ப் படலமே இவ்வூர்க் கிணறுகளின் ஊற்று. கடல்நீர் புகின் அது கெடும். கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லுமேயன்றி உப்பை நீக்காது. மிகையாக இறைப்பின் அடியிலுள்ள உவர் மேலெழும். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் எனக் கொள்ளின், அறுவர் கொண்ட குடும்பம் மூன்று நாளுக்கு 72 லீற்றர் நீரை மூடிய கலங்களிற் சேமித்தல் வேண்டும். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்று, மருந்துத் துண்டு ஆகியவற்றை நீர்புகா உறையிலிட்டு ஓரிடத்து வைத்தலும் அத்தகையதே.

இவற்றுட் பெருஞ்செலவு வேண்டுவது யாதுமில்லை. மாரி தொடங்குமுன் ஒருநாள் மாலை குடும்பத்தார் கூடியிருந்து பேசுதலே முதற்பணியாம்.