கண்ணுக்குப் பிடிபடாத உயரம்

பினாங்கின் பாயான் பாருவில் பொழுது விடிவதே லோரிகளின் இரைச்சலோடுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிவரும் கொள்கலன் லோரிகள் ஒருபுறம், மண்ணும் கல்லும் சுமந்து கட்டுமானத் தளங்களுக்குப் போகும் டிப்பர்கள் ஒருபுறம். அந்த லோரிகளின் எடை சீட்டில் எழுதப்பட்டிருக்கும், சக்கரங்களுக்குக் கணக்கு உண்டு, வேகத்துக்கு வரம்பு உண்டு. உயரத்தை மட்டும், அதாவது தலைக்கு மேல் ஓடும் மின்கம்பிக்கும் பாலத்துக்கும் அடியில் வண்டி நுழையுமா என்பதை, பெரும்பாலும் ஓட்டுநரின் கண்ணிடமே விட்டுவிடுகிறோம். மனிதக் கண்ணால் சரியாகச் செய்ய முடியாத வேலை அது. ஏன் முடியாது என்பதையும், உலகின் டிராம் நகரங்களும் ரயில்வேக்களும் இதற்குக் கண்டுபிடித்த வழிகளையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

பினாங்குக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜார்ஜ்டவுன் வீதிகளில் மின்சார டிராம் ஓடியது. 1925-இல் டிராலிபஸ் வந்தது. 1936-இல் டிராம் நின்றுபோக, டிராலிபஸ் 1961 வரை ஓடியது. பினாங்கு ரோடும் சூலியா வீதியும் சந்திக்கும் இடத்தில் பழைய தண்டவாளத் துண்டு இன்றும் தரையில் தெரிகிறது. தண்டவாளம் தடயம் விட்டுச் சென்றது. தலைக்கு மேல் ஓடிய கம்பிகள் சுவடின்றிப் போய்விட்டன.

டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். அதில் இறங்கிவரும் மின்சாரம் மோட்டாரைச் சுழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடும். டிராலிபஸ்ஸின் சக்கரமோ ரப்பர். திரும்பிப் போகத் தண்டவாளம் இல்லை. அதனால் அதற்கு இரண்டு கம்பிகள், கூரையிலிருந்து எழுந்து அவற்றைத் தொடும் இரண்டு கொம்புகள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜார்ஜ்டவுன் மக்கள் இத்தகைய கம்பிகளுக்குக் கீழேதான் நடந்தார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள், லோரியும் ஓட்டினார்கள்.

கம்பியை எட்டாத உயரத்தில் கட்டினால் என்ன?

முதலில் தோன்றும் கேள்வி இதுதான். ஆனால் டிராமின் கூரையிலிருந்து எழும் கொம்பு அந்தக் கம்பியை விடாமல் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். அதன் கை நீளும் அளவுக்கு மேல் கம்பி போக முடியாது. பிரிட்டனில் சாலைக்கு மேல் ஓடும் டிராம் கம்பி வழக்கமாக 5.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். பாலத்துக்கு அடியில் நுழையும்போது கம்பியும் தாழ்ந்தே ஆக வேண்டும். ஆபத்தும் அங்கேதான் கூடுகிறது.

கம்பியின் இன்னொரு குணம் இழுவிசை. தளர்ந்த கம்பியில் கொம்பு துள்ளும், தீப்பொறி பறக்கும். அதனால் ஏறத்தாழ ஒரு டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான விசையில் அதை இழுத்துக் கட்டுகிறார்கள். வெயிலில் செம்பு நீளும், கம்பி தொய்யும். நீளத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் தொய்வில் பெரிதாகத் தெரியும். பட்டர்வொர்த் பக்கம் ரயிலில் போகிறவர்கள் சில கம்பங்களின் ஓரத்தில் அடுக்கடுக்காக எடைகள் தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். கம்பி நீண்டால் எடை இறங்கும், சுருங்கினால் ஏறும், இழுவிசை மாறாமல் நிற்கும்.

ஒரு லோரி மோதினால் ஒரு வட்டாரமே ஏன் நின்றுபோகிறது என்பதற்கும் இதுவே காரணம். கம்பி அறுந்தால் அந்த இழுவிசை முழுவதும் ஒரே நொடியில் விடுபடுகிறது. கம்பி சாட்டைபோல் சுழன்று விழும். தாங்கிகள் வளையும். அதே இழுப்பில் கட்டப்பட்ட நெடுந்தூரக் கம்பி முழுவதையும் மறுபடி இழுத்துச் சீராக்கியாக வேண்டும். மோதல் ஒரு கணம்தான், பழுதுபார்ப்போ பல மணி நேரம்.

படுக்கைக் கோடும் இரண்டு கண்களும்

ஓட்டுநர் கவனமாகப் பார்த்தால் போதாதா? போதாது. காரணம் நம் முகத்திலேயே இருக்கிறது.

நம் கண்கள் இரண்டும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில், பக்கவாட்டில் அமைந்திருக்கின்றன. ஒரே பொருளை இரண்டும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்து மூளை தூரத்தைக் கணிக்கிறது. எதிரே ஒரு கம்பம் செங்குத்தாக நின்றால் இடக்கண்ணுக்கு ஓரிடத்திலும் வலக்கண்ணுக்குச் சற்றுத் தள்ளியும் அது தெரியும். கணக்கு சரியாக வரும். ஆனால் சாலைக்குக் குறுக்கே கிடையாக ஒரு கம்பி போனால், அது இடப்பக்கம் நகர்ந்தாலும் வலப்பக்கம் நகர்ந்தாலும் ஒரே கோடாகவே தெரியும். இரண்டு கண்களுக்கும் வேறுபாடு கிடைக்காததால் மூளையால் தூரத்தைச் சொல்ல முடியாது. தூரம் தெரியாவிட்டால் உயரமும் தெரியாது. அருகில் தாழ்வாக இருக்கும் கம்பியும் தொலைவில் உயரமாக இருக்கும் கம்பியும் ஒரே கோணத்தில் தெரியக்கூடும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மெல்லிய நூல் ஒன்றை வெறுமையான சுவருக்கு முன்னால் கிடையாகக் கட்டுங்கள். நூலின் இரு முனையும் கண்ணில் படாதபடி நின்று, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணித்துப் பாருங்கள். தடுமாறுவீர்கள். பிறகு தலையைத் தோள்பக்கம் நன்றாகச் சாய்த்துப் பாருங்கள். கண்கள் மேலும் கீழுமாக அமைந்தவுடன் நூல் இருக்கும் இடம் பிடிபடும். விமானிகளுக்கும் இதே இடர் உண்டு. ஆற்றைக் கடக்கும் உயரழுத்தக் கம்பிகளில் செந்நிறப் பந்துகளைக் கோத்திருப்பது அதற்காகத்தான்.

ஓட்டுநர் தன் வண்டியின் உச்சியையும் பார்க்க முடியாது. அது அவர் தலைக்குப் பின்னால், மேலே இருக்கிறது. காணமுடியாத ஓர் உயரத்தை, கணிக்கமுடியாத இன்னோர் உயரத்தோடு ஒப்பிடச் சொல்கிறோம்.

வளரும் வண்டி, தாழும் கம்பி

உயரம் நிலையானதும் அல்ல. வழக்கமான கொள்கலனின் உயரம் 2.59 மீட்டர். ‘ஹை கியூப்’ எனப்படும் உயரக் கொள்கலன் 2.9 மீட்டர், அதாவது ஓர் அடி கூடுதல். நேற்று ஏற்றியதும் இன்று ஏற்றியதும் கண்ணுக்கு ஒரே பெட்டிதான். அதை ஒன்றரை மீட்டர் உயர டிரெய்லர் மேல் வைத்தால் மொத்தம் 4.4 மீட்டர். சரக்கை இறக்கிய வண்டியின் வில்களும் டயர்களும் நிமிர்ந்துகொள்வதால் பெட்டியின் உச்சி சில சென்டிமீட்டர் எழும்பும். போகும்போது நுழைந்த இடத்தில் திரும்பும்போது இடிப்பது இப்படித்தான். மறுபுறம், சாலைக்குப் புதுத் தார் போடும்போதெல்லாம் தரை உயர்கிறது. பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே போட்டால், பலகையில் எழுதிய உயரம் பொய்யாகிவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது தொட்டியை இறக்க மறந்து ஓடும் டிப்பர். நிமிர்ந்த தொட்டி எந்த டிராம் கம்பியையும் எட்டிவிடும். தொட்டியின் கீலில் ஓர் உணரியைப் பொருத்தி, அது நிமிர்ந்திருக்கும்வரை ஓட்டுநர் அறையில் மணி ஒலிக்கவும் வண்டி வேகமெடுக்காமல் இருக்கவும் செய்ய முடியும். எளிய ஏற்பாடு, உயிர் காக்கும் ஏற்பாடு.

காதுக்கும் கண்ணுக்கும் எட்டும் எச்சரிக்கை

தமிழ்நாட்டில் ரயில்வே கேட்டைக் கடந்தவர்கள் அதன் இருபுறமும் சாலைக்கு மேல் நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்பார்கள். மின்மயமான பாதைகளில் உள்ள இந்த உயரத்தடுப்பு 4.67 மீட்டர் உயரத்தில் அமைகிறது. மேலே 25,000 வோல்ட் கம்பி குறைந்தது 5.5 மீட்டரில் ஓடும். இடையில் உள்ள 83 சென்டிமீட்டர் காற்றுதான் காப்பு. அவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம் தொடாமலே பாயும் என்பதால் அந்த இடைவெளி அவசியம். இந்தியாவில் கொள்கலன் டிரெய்லருக்கு அனுமதித்த உயரம் 4.52 மீட்டர். சட்டத்துக்கும் வண்டிக்கும் இடையே 15 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், மோன்டேக் தெருவில் டிராம் செல்லும் பாலம் ஒன்று உண்டு. அடியில் உள்ள இடைவெளி 3 மீட்டர்தான். எத்தனை பலகை வைத்தும் லோரிகள் வந்து மோதிக்கொண்டே இருந்தன. 2016-இல் பாலத்துக்கு முன்னதாகவே சட்டம் நிறுத்தி, அதில் வரிசையாகப் பட்டைகளைத் தொங்கவிட்டார்கள். கண்ணை ஏமாற்றும் படுக்கைக் கோட்டுக்குப் பதில், கண்ணுக்குப் பிடிபடும் செங்குத்துக் கோடுகள் அங்கே தொங்குகின்றன. பார்க்கத் தவறினாலும் கூரையில் தட்டும் சத்தம் ஓட்டுநரை எழுப்பும். அதன் பிறகும் மோதல்கள் முற்றிலும் நிற்கவில்லை. எந்த ஒரு தடுப்பும் தனியாகப் போதாது என்பதற்கு அந்தப் பாலமே சாட்சி.

அடுத்த படி ஒளிக்கதிர். சாலையின் இருபுறமும் கம்பம் நட்டு, அனுமதித்த உயரத்தில் இரண்டு அகச்சிவப்புக் கதிர்களை அடுத்தடுத்துப் பாய்ச்சுகிறார்கள். எந்தக் கதிர் முதலில் மறைகிறது என்பதை வைத்து வண்டி வரும் திசை தெரியும். பறவை பறந்தால் ஏமாறாமல் இருக்க, கீழே சாலைக்குள் புதைத்த கம்பிச் சுருள் வண்டியின் இரும்பை உணர்ந்து உறுதிப்படுத்தும். உடனே முன்னால் உள்ள பலகை ஒளிரும், சிவப்பு விளக்கு விழும்.

அதை எவ்வளவு தூரத்துக்கு முன் வைப்பது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக் மிதிக்க 2 நொடி என்றால் 33 மீட்டர் போய்விடும். பாரம் ஏற்றிய வண்டி நிற்க மேலும் 40 மீட்டர். ஆக 70 மீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கையால் பயனில்லை. மழைச் சாலையில் இன்னும் வேண்டும். விலகிச் செல்ல ஒரு மாற்றுவழியும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சிட்னி துறைமுகச் சுரங்கத்தின் வாயிலில் கடைசி முயற்சியாக நீரைத் திரைபோல் கொட்டச் செய்து, அதன்மேல் ‘நில்’ என்ற பெரிய குறியை ஒளியால் வீழ்த்துகிறார்கள்.

கம்பியே இல்லாமல்

இருப்பதிலேயே உறுதியான வழி ஆபத்தை அகற்றுவதுதான். பிரான்ஸின் போர்டோ நகரம் 2003-இல் தண்டவாளங்களுக்கு நடுவே, தரையிலேயே மின்சாரம் கொடுத்து டிராம் ஓட்டியது. டிராம் மேலே நிற்கும் துண்டில் மட்டும் மின்சாரம் பாயும், மற்ற துண்டுகளில் நடந்து போகலாம். துபாய் டிராமும் இதே முறை. தைவானின் காவ்சியுங் நகரில் டிராம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மின்னேற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தம்வரை கம்பியின்றி ஓடுகிறது.

இந்தச் சிந்தனைக்கு நம்மிடமே முன்னோடி உண்டு. 1895-இல் சென்னையில் தொடங்கிய மின்சார டிராமுக்கு முதலில் மேலே கம்பி கிடையாது. தரையில் வெட்டிய கால்வாய்க்குள் மின்கடத்தி ஓடியது. பருவமழை வெள்ளம் அதை வாழவிடவில்லை, கம்பி தலைக்கு மேலே ஏறியது. பினாங்கும் மழை ஊர். தரைவழி மின்சாரம் பேசுவோர் அந்தப் பாடத்தை மறக்கக்கூடாது.

தேருக்கும் இதே கணக்கு

தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாவில் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். தேர் இழுத்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். லோரிக்கும் தேருக்கும் இயற்பியல் ஒன்றே. இரவு, அலங்காரம், கூட்டம், மேலே கண்ணுக்குப் பிடிபடாத படுக்கைக் கோடு. தைப்பூசத்தில் நம் வெள்ளி ரதம் நகரிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும் ஊர் இது. வழியெங்கும் உயரத்தை முன்கூட்டியே அளப்பதும் கம்பியைக் கவனிப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்.

தடுப்புகளை மீறி வண்டி கம்பியில் பட்டுவிட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். வண்டியின் இரும்பு உடல் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் உள்ளே இருப்பவர் வழியாக மின்சாரம் பாயாது. ஒரு கை வண்டியிலும் ஒரு கால் தரையிலும் வைத்து இறங்கும் அந்தக் கணமே உயிரைப் பறிக்கும். தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டுமானால், வண்டியைத் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் சிறுசிறு அடியாகத் தேய்த்து விலக வேண்டும். வெளியில் இருப்பவர்கள் அருகே ஓடக்கூடாது. 999-க்கும், சாலையோர மின்கம்பி என்றால் தெனாகா நேஷனலின் 15454-க்கும் அழைக்க வேண்டும். அறுந்து விழுந்த கம்பி அமைதியாகக் கிடந்தாலும் அதில் மின்சாரம் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

2013-இல் பினாங்கு மாநில அரசு ஏற்ற போக்குவரத்துப் பெருந்திட்டத்தில் டிராம் மறுபடி இடம்பெற்றிருந்தது. பிறகு எண்ணம் மாறி, உயர்த்திய பாதையில் ஓடும் முத்தியாரா எல்.ஆர்.டி. தடத்துக்கு 2025 ஜனவரியில் பணி தொடங்கியது. அந்த ரயில் லோரிகளின் எட்டத்தைக் கடந்து மேலே போகும். ஆனால் அதைக் கட்டி முடிக்கும்வரை பாரந்தூக்கிகளும் டிப்பர்களும் நீள டிரெய்லர்களும் நம் சாலைகளில், நம் மின்கம்பிகளுக்குக் கீழேதான் ஓடும்.

அதனால் கேட்பவை சிறியவை. சரக்கு ஏற்றி முடித்ததும் ஓர் அளவுகோலால் உயரத்தை அளந்து, ஓட்டுநரின் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். தார் போட்ட மறுநாளே கம்பிக்கும் பாலத்துக்கும் அடியில் மீண்டும் அளந்து பலகையைத் திருத்துங்கள். தாழ்ந்த இடத்துக்கு நூறு மீட்டர் முன்பே பட்டைகளைத் தொங்கவிடுங்கள். ஓட்டுநரைக் குறை சொல்வதற்கு முன், அவருடைய இரண்டு கண்களால் அளக்க முடியாத ஒன்றை அவருக்காக நாம் அளந்து கொடுத்தோமா என்று கேட்போம்.